கெடுவே இல்லாத மென்பொருளுக்கு ஏன் ஐந்நூறு ரூபாய்?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

சிறு நகரம் ஒன்றில் கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், சின்னச் சின்னப் பழுது எல்லாம் பார்க்கிறோம். போன மாதம் கடை அடைக்கிற நேரத்தில் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி அப்பாவோடு வந்தாள். கையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். வேர்டைத் திறந்து காட்டினாள். பதினோரு பக்கம் அடித்து வைத்த பிராஜெக்ட் திரையில் தெரிகிறது, படிக்கலாம், ஓர் எழுத்து அடிக்க முடியவில்லை. மேலே பட்டை போட்டு, சோதனைக் காலம் முடிந்துவிட்டது, ஆக்டிவேட் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. “அண்ணா, அடிச்சதெல்லாம் போயிடுமா?” என்றாள்.

இதே செய்திக்காக இன்னொரு கடையில் ஏற்கெனவே ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏதோ கிராக்கை ஓட்டியிருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் பட்டை திரும்பி வந்துவிட்டது. அணைத்த ஆன்டிவைரஸ் மட்டும் திரும்ப வரவில்லை.

வேர்டுக்குப் பதிலாக லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கி நிறுவிக் கொடுத்தேன். அவள் கோப்பு திறந்தது. ஓர் அட்டவணை மட்டும் நகர்ந்திருந்தது, இழுத்துச் சரிசெய்தோம். மீதி இரண்டு பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து அடித்து முடித்தாள். அப்பா சட்டைப் பையில் கை விட்டபடி, “இது எப்ப முடியும் சார்?” என்று கேட்டார். இதற்குக் கெடுவே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. படியிறங்கும்போது இன்னொரு தடவை கேட்டார்.

உங்களுக்கு இதை எழுதக் காரணம், அவள் பையில் இருந்த கணினிப் பாடநூல். நம் அரசு அச்சிட்ட பதினோராம் வகுப்புப் புத்தகம் ஓப்பன்ஆபிஸ் ரைட்டரையும் கால்க்கையும் இம்ப்ரெஸையும்தான் கற்றுத் தருகிறது. அதற்கு முந்தைய பாடத்திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் ஸ்டார்ஆபிஸ் படித்தார்கள். அந்த ஸ்டார்ஆபிஸின் மூலநிரலை 2000-இல் வெளிப்படையாக்கியதில் பிறந்தது ஓப்பன்ஆபிஸ். அதிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது லிப்ரெஆபிஸ். பாடநூல் எழுதியவர்கள் நல்ல வழியைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருகிற அறிவிப்பு “வேர்டு ஃபைலாக அனுப்பவும்” என்கிறது. லிப்ரெஆபிஸிலேயே அந்த வடிவத்தில் சேமிக்கலாம் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கலாம். தையல் தைத்துச் சம்பாதிக்கிற அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்? வேர்டு வாங்கியே தீர வேண்டும் என்றுதான் அவர் புரிந்துகொள்கிறார்.

கல்லூரிப் பிள்ளைகளும் இப்படி ஏமாறுகிறார்கள். நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி மாணவர்களுக்கு இலவசம். உள்நுழையாமல் பயன்படுத்தினால் 30 நாளில் சோதனைக் காலம் முடிந்தது என்று காட்டும். ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. அதற்கும் கீ வேண்டும் என்று காசோடு வந்து நிற்கிறார்கள். இலவசமாகப் பதிவு செய்வது வேறு, காசு கொடுத்து உரிமம் வாங்குவது வேறு, பூட்டை உடைப்பது வேறு. இந்த வேறுபாட்டை யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் என் கடைக்கே வர வேண்டியதில்லை. அவர்கள் வராமல் போனால் எனக்கு மகிழ்ச்சிதான்.

கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகளில் அம்மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம் தயாரித்துத் தருகிற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அந்த அளவுக்கு உடனே போகச் சொல்லி நான் கேட்கவில்லை. பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். ஒப்படைப்புகளை ஓப்பன்ஆபிஸ் ரைட்டரின் ஓடிடி (.odt) வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பாடநூலில் இருக்கிற மென்பொருளை எங்கே இறக்கலாம், அதற்குக் கெடு இல்லை, யாரும் ஆக்டிவேட் செய்து தர வேண்டியதில்லை என்று பெற்றோருக்குத் தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே அது கையில் கிடைத்தால் நல்லது. அந்த அரைப்பக்கத்தை என் கடைச் சுவரில் ஒட்டி, கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி மையக்காரன்