கொல்லிமலைச் சாமையும் பிரேக் ஈவன் கணக்கும்

பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் பிரேக் ஈவன் சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். நிலையான செலவை ஒரு யூனிட்டின் காண்ட்ரிபியூஷனால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையில் சுளையாக மார்க் கிடைக்கும் கணக்கு. ஆனால் எந்தச் செலவை உள்ளே சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்று புத்தகம் அதிகம் பேசுவதில்லை. வில்லங்கமே அங்கேதான்.

அரியூர் நாடு மாதிரியான கொல்லிமலை நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது பழைய கதை. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் காசு. சாமையை அறுத்த பிறகும் வேலை முடியாது, உமி போக வேண்டும். உரலும் உலக்கையும் பெண்கள் கையில். சாமை குறைந்ததற்கு இந்த இடுப்பொடியும் வேலையும் ஒரு முக்கிய காரணம். 1990-களில் இருந்து அங்கே வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு, சுய உதவிக் குழுக்கள் மூலம் ஊர்களில் சிறிய உமி நீக்கும் மிஷின்களை வைத்தது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. (எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டுமே.) மிஷின் ஓட்டுபவருக்கு வருஷச் சம்பளம் 36,000, வாடகை, பராமரிப்பு வகையறா 12,000, தேய்மானம் 12,000. ஆக நிலையான செலவு 60,000. அரவைக் கூலி கிலோவுக்கு 5 ரூபாய், அதில் கரண்ட், தேய்கிற பாகம் 1 ரூபாய். காண்ட்ரிபியூஷன் 4. பிரேக் ஈவன் 15,000 கிலோ. ஊரில் 40 வீடு, வீட்டுக்கு வருஷம் 150 கிலோ என்றால் வருவது 6,000 கிலோதான். நஷ்டம் 36,000. காமர்ஸ் மாணவர் "மூடு" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார் :-)

கொஞ்சம் பொறுங்கள். சம்பளத்தைக் கிலோவுக்கு 2 ரூபாய் என்று மாற்றினால் நிலையான செலவு 24,000 ஆகிறது, காண்ட்ரிபியூஷன் 2. பிரேக் ஈவன் 12,000 கிலோவுக்கு இறங்குகிறது. நஷ்டமும் 12,000-தான், அதாவது தேய்மானம் அளவுக்கு. கையிலிருந்து காசு போகவில்லை. என்ன, மிஷின் பழுதானால் புதுசு வாங்கப் பணம் இருக்காது. மானியத்தில் வந்த மிஷின் பல இடங்களில் மூலையில் கிடப்பதற்கு இந்தத் தேய்மானத்தை யாரும் ஒதுக்கி வைக்காததும் ஒரு காரணம்.

முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லை. உலக்கையில் மணிக்கு 3 கிலோ குத்தலாம் என்று வையுங்கள். 6,000 கிலோவுக்கு 2,000 மணி நேரம். அந்த உழைப்புக்குப் பேரேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. வீடுகள் தரும் கூலி 30,000, முதல் கணக்கின் நஷ்டம் 36,000, இரண்டையும் கூட்டினாலும் 66,000. மணிக்கு 33 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு 264. தமிழ்நாட்டில் 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலியே 319 ரூபாய். நஷ்டம் என்று மூடச் சொன்ன மிஷின், அரசு கூலியைவிட மலிவாக ஊரின் நேரத்தை மீட்டுத் தருகிறது! பெண்கள் உழைப்பைப் பூஜ்யம் என்று போட்டால்தான் உலக்கை ஜெயிக்கும்.

மரவள்ளிக் கணக்கிலும் இதே கோளாறு. இந்தச் சூத்திரம் விலை மாறாது என்று நம்புகிறது. ஆலைக்காரர்கள் கொடுக்கும் கிழங்கு விலை ஒரு வருஷம் போல மறு வருஷம் இருப்பதில்லை. விலை சரிந்தால் உரம் வாங்கிய கடன் அப்படியே நிற்கும், கிழங்கு விற்ற காசில் அரிசியும் வாங்கியாக வேண்டும். வீட்டுக் குதிரில் சாமை இருந்தால் அந்த அரிசிச் செலவு குறையும். மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்று புத்தகம் சொல்வதைக் கொல்லிமலைக்காரர்கள் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அது விற்பனைக் கணக்கில் வராததால், மரவள்ளி பக்கத்தில் மட்டும் லாபம் தெரிகிறது.