ஸ்ட்ரைக்கர் பிறக்கவில்லை என்பது பொய்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0–1 என்று தோற்றது. பதினோராவது நிமிடத்தில் மோர்சலின் அடித்த கோலுக்கு மீதி ஆட்டம் முழுவதும் நம்மால் பதில் கோல் போட முடியவில்லை. வங்கதேசம் நம்மை வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் காலை டீக்கடையில் நான் எதிர்பார்த்தபடியே அந்த வாக்கியம் காதில் விழுந்தது: “நூத்தி நாப்பது கோடி ஜனம் இருக்கு. ஒரு ஸ்ட்ரைக்கர் பொறக்கலையே!”

சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் என்னைப் போல முந்தின ராத்திரி ஆட்டம் பார்த்தவர், மனம் நொந்து பேசியவர். ஆனால் அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதத்திலும் பத்திரிகைப் பத்தியிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பயிற்சியாளர்களும் அதையே சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். சுனில் சேத்ரி ஒரு அதிசயப் பிறவி, அவருக்குப் பிறகு இந்த மண்ணில் கோல் அடிக்கத் தெரிந்தவன் இல்லை என்று ஒரு நாடே நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறானது. அதைவிட மோசம், யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர்களை அது காப்பாற்றுகிறது. குறை பிறப்பில் இருந்தால் நிர்வாகத்தை யார் கேள்வி கேட்பார்கள்?

இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியது. 2024–25 வரை பதினொரு சீசன்கள் நடந்து முடிந்தன. அவற்றில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கியவர்களைப் பாருங்கள். எலானோ, மென்டோசா, மார்செலீனோ, இரண்டு முறை கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஒக்பெச்சே, டியேகோ மொரீசியோ, டயமன்டகோஸ், அஜராயி. பதினொரு சீசனிலும் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு முறைகூட ஓர் இந்தியர் இல்லை. இவர்களில் எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ் மூவரும் அந்தந்த சீசனில் நம்முடைய சென்னையின் அணிக்கு ஆடியவர்கள். 2015 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் மென்டோசா அடித்த வெற்றி கோலுக்கு நானும் வீட்டில் எழுந்து நின்று கத்தினேன். அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் ஓர் இந்தியன் நின்றிருக்கவே முடியாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

லீக்கின் விதி இப்படி. முதல் மூன்று சீசன்களில் ஓர் அணி ஆறு வெளிநாட்டு வீரர்களை ஒரே நேரத்தில் களத்தில் இறக்கலாம். பிறகு அது ஐந்தானது. 2021–22 முதல் நான்கு. எண்ணிக்கை குறைந்தது நல்லதே. ஆனால் அந்த நான்கு இடங்களை ஒரு கிளப் எங்கே செலவழிக்கும்? நடுப் பின்களத்தில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் இருவர், மீதி முன்களத்துக்கு. ஆட்டத்தின் முதுகெலும்பு முழுக்க வெளியிலிருந்து வரும். ஓரங்களில் ஓடுவதற்கும் பக்கவாட்டில் தடுப்பதற்கும் கோல்கம்பத்துக்கு நடுவே நிற்பதற்கும் இந்தியர்கள். இப்படிப் பார்த்தால் நம் நாட்டில் நல்ல விங்கர்கள் வரிசையாக வருவதும், நல்ல கோல்கீப்பர்கள் கிடைப்பதும், நடு முன்களம் மட்டும் காலியாகக் கிடப்பதும் வியப்பா? எங்கே ஆட விட்டோமோ அங்கே ஆள் வந்தான்.

மன்வீர் சிங்கின் கதையை எடுத்துக்கொள்வோம். 2017 சந்தோஷ் டிராஃபி இறுதி ஆட்டம் கூடுதல் நேரம்வரை போனது. 119-ஆவது நிமிடத்தில் கோவாவுக்கு எதிராக வங்காளத்தின் ஒரே கோலை அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அசல் ஸ்ட்ரைக்கர். உயரமும் பலமும் தலையால் முட்டும் திறமையும் உள்ளவர். எஃப்.சி. கோவா அவரை எடுத்தது. அங்கே ஒன்பதாம் நம்பர் இடத்தில் கோரோ இருந்தார். மூன்று சீசன்கள் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகக் கழிந்தன. பிறகு கொல்கத்தாவின் பெரிய அணிக்குப் போனார். அங்கே அவரை வலது ஓரத்துக்கு நகர்த்தினார்கள், நடுவில் வெளிநாட்டு ஃபார்வர்டுகள் நின்றார்கள். வாரம் முழுக்க ஓரத்தில் ஓடி கிராஸ் போட்டுப் பழகிய அந்த மனிதரைத் தேசிய அணி கூப்பிட்டு, நடுவில் நிறுத்தி, பாக்ஸுக்குள் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே பந்தை வாங்கித் திரும்பி அடி என்கிறது. அவர் தவறவிட்டால் இந்தியாவில் ஸ்ட்ரைக்கர் இல்லை என்கிறோம்.

டேவிட் லால்லான்சங்கா 2023 டுராண்ட் கோப்பையில் ஆறு கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனார். அப்போது அவர் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முன்கள வீரர். அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அவரை வாங்கியது. அதே கோடையில், முந்தைய லீக்கில் தங்கக் காலணி வாங்கிய டயமன்டகோஸையும் வாங்கியது. இளைஞருக்கு எந்த இடம் மிச்சம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ராபி ஹன்ஸ்தா 2024–25 சந்தோஷ் டிராஃபியில் பன்னிரண்டு கோல் அடித்து, இறுதி ஆட்டத்திலும் கேரளத்துக்கு எதிரான ஒரே கோலை அடித்தார். கோல் அடிப்பவன் பிறக்கவில்லையாம். அப்படியானால் இந்தக் கோல்களை யார் அடித்தது?

நம் ஊர்ப் பையன் சிவசக்தி நாராயணனைச் சொல்லாமல் விட முடியாது. சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரர். 2022–23 சீசனில் பெங்களூரு எஃப்.சி.யின் பயிற்சியாளர் சைமன் கிரேசன் துணிந்து ஒரு காரியம் செய்தார். சேத்ரியைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்காரவைத்து, ராய் கிருஷ்ணாவுக்குப் பக்கத்தில் இந்த இளைஞரைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார். அந்தக் கட்டத்தில் அணி லீக்கில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று இறுதிப் போட்டிவரை போனது. சிவசக்தி ஆறு கோல் அடித்தார். நேரம் கொடுத்தார்கள், கோல் வந்தது. கணக்கு அவ்வளவு எளிது. அடுத்தடுத்த சீசன்களில் அதே கிளப் கர்ட்டிஸ் மெயினை வாங்கியது, பெரேரா டியாஸை வாங்கியது, எட்கர் மென்டெஸை வாங்கியது.

என் வீட்டிலும் இது நடந்தது. தங்கை மகன் வியாசர்பாடி மைதானத்தில் வளர்ந்தவன். பத்து வயதிலிருந்து ஃபார்வர்டுதான் ஆடுவான். பதினைந்து வயதில் ஓர் அகாடமியின் டிரையல்ஸுக்கு நான்தான் அழைத்துப் போனேன். இரண்டு கோல் அடித்துவிட்டு முகம் வாடித் திரும்பினான். என்னடா என்றேன். “மாமா, ஃபார்வர்டுக்கு எப்படியும் ஃபாரினர் வாங்கிக்குவாங்களாம். நீ ஸ்பீடா இருக்க, பேக்ல ஆடுனா பொழைச்சுக்குவன்னு சார் சொல்றாரு.” சொன்ன பயிற்சியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். பையனின் எதிர்காலத்தை நினைத்து அக்கறையோடு சொன்னவர் அவர். சந்தை எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்று என் மருமகன் ஒரு மாவட்ட அணியில் வலது பேக். நன்றாகவே ஆடுகிறான். இப்படி எத்தனை ஊர்களில் எத்தனை ஃபார்வர்டுகளைப் பதினைந்து வயதிலேயே பின்னால் அனுப்பியிருக்கிறோம்?

சேத்ரி அதிசயம்தான், மறுப்பேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவர் வளர்ந்த விதத்தையும் பாருங்கள். பதின்வயது முடியும் முன்பே மோகன் பகான் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2005 முதல் மூன்று ஆண்டுகள் பஞ்சாபின் ஜே.சி.டி. அணியில் ஆடினார். அதே 2005-இல் இருபது வயதில் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு முதல்முறை ஆடி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். இருபது வயதில் நாட்டின் முன்களத்தில் நிற்க ஒருவரை அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பலன் 2024 ஜூன் மாதம் ஓய்வு பெற்றபோது 94 சர்வதேச கோல்களாக நின்றது.

அவரையும் நிம்மதியாக ஓய்வெடுக்க விட்டார்களா? 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்ப அழைத்தார்கள். லீக்கில் இந்தியர்களிலேயே அதிக கோல் அடித்திருப்பவர் அவர்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணம் உண்மைதான். அந்த சீசனில் அவர் பதினான்கு கோல் அடித்தார். இந்தியர்களில் அவருக்கு அடுத்து வந்தவர் அடித்தது அதில் பாதி. மோகன் பகானின் இடது பின்கள வீரர் சுபாசிஷ் போஸ் ஆறு கோல் அடித்தார். பின்கள வீரர் ஒருவர் நாட்டின் பெரும்பாலான ஃபார்வர்டுகளைவிட அதிக கோல் அடித்த லீக் அது. சேத்ரியை அழைத்ததை ‘வேறு ஆள் இல்லை’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். எனக்கு அது குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது. அடுத்துப் பயிற்சியாளராக வந்த காலித் ஜமீல் அவரை முதலில் சேர்க்கவில்லை. தஜிகிஸ்தானை அவர் அணி 2–1 என்று வென்றபோது இரண்டு கோலையும் அடித்தவர்கள் அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கனும், இருவரும் நடுப் பின்கள வீரர்கள். அக்டோபரில் சிங்கப்பூருக்கு எதிராகச் சேத்ரியே மறுபடி வந்தார். ஃபதோர்டாவில் 1–2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தோம்.

இனி நிர்வாகம். 2022-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ‘இந்தியன் ஆரோஸ்’ அணியைக் கலைத்தது. ஐ-லீக்கில் மூத்த ஆட்டக்காரர்களை எதிர்த்து நம் பையன்கள் மட்டுமே ஆடிய அணி அது. அடிக்கடி தோற்கும். தோற்றால் என்ன? பத்தொன்பது வயது ஃபார்வர்டு ஒருவன் வாரம் தவறாமல் தொண்ணூறு நிமிடம் முழு வளர்ச்சி அடைந்த டிஃபெண்டர்களோடு மோதிக் கற்றுக்கொண்டான். அந்த ஒரு வாசலையும் அடைத்தார்கள். 2023 செப்டம்பரில் ஆசிய விளையாட்டுக்கு ஹாங்சோ போன அணி, லீக் தொடங்கும் வாரம் என்று கிளப்புகள் வீரர்களை விட மறுத்ததால், ஒட்டுப்போட்டு அமைத்த அணி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலைதான் போய் இறங்கியது. சீனாவிடம் 1–5. லீக் தொடங்கும் தேதியையும் ஆசிய விளையாட்டு நடக்கும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லையா?

அதே மாதம் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு வெளியிட்ட செய்தி இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது பயிற்சியாளர் ஸ்டிமாச் ஆட்டக்காரர்களின் பட்டியலைச் சோதிடர் ஒருவருக்கு அனுப்பி, கிரகநிலை பார்த்துக் கருத்துக் கேட்டிருக்கிறார். அந்தச் சோதிடரை அவருக்கு அறிமுகப்படுத்தியது சம்மேளனத்தின் உயர்மட்டம் என்கிறது செய்தி. யாரை இறக்குவது என்று இப்படி முடிவெடுக்கும் இடத்தில் ஒரு இளம் ஃபார்வர்டு தன் உழைப்பை எதன்மேல் நம்பி வைப்பான்? ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2023-இல் 2026 வரை நீட்டித்து, 2024 ஜூனில் நீக்கி, பிறகு நான்கு லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் எஃப்.சி. கோவாவையும் கூடவே கவனித்துக்கொண்டார். ஒரு நாட்டின் அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர்கூட இல்லை. எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆவது இடத்தில் இருந்த நாம் டாக்கா தோல்விக்குப் பின் 142-இல் நின்றோம்.

வெளிநாட்டு வீரர்களே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும். கோரோவோடு பயிற்சியில் மோதிய டிஃபெண்டர் நிச்சயம் தேறியிருப்பான். தோற்றால் வேலை போகும் கிளப் பயிற்சியாளர் நம்பகமான ஸ்ட்ரைக்கரைத் தேடுவதும் இயல்புதான். அதனால்தான் பொறுப்பு சம்மேளனத்தின் தலையில் விழுகிறது. கிளப்பின் நலனும் நாட்டின் நலனும் முரண்படும் இடத்தில் விதி எழுதுவதற்குத்தான் அது இருக்கிறது. ஒரு கோப்பைப் போட்டியையாவது முழுக்க இந்திய முன்களத்தோடு நடத்தலாம். ஆரோஸை மீண்டும் தொடங்கலாம். சந்தோஷ் டிராஃபியில் கோல் மழை பொழிந்தவனுக்கு அடுத்த சீசனில் எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கணக்குப் பார்க்க ஒருவரை நியமிக்கலாம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

இப்போது புதிதாக ஒரு பேச்சு ஓடுகிறது, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனாகி வந்தார். அந்த மனிதரின் பற்றுக்கு வணக்கம். அவர்போல் இன்னும் சிலர் வரட்டும். ஆனால் ‘இங்கே ஆள் இல்லை’ என்ற அதே பொய்யைத்தான் இந்தத் திட்டமும் தோளில் சுமக்கிறது.

அடுத்த முறை நேரு மைதானத்துக்குப் போகும்போது அணிப் பட்டியலைக் கையில் எடுங்கள். நம் அணியின் நடு முன்களத்தில் யார் நிற்கிறார், பெஞ்சில் எந்த இந்திய ஃபார்வர்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு இந்த சீசனில் எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேள்வியைக் கிளப்பிடம் உரக்கக் கேளுங்கள். சம்மேளனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். நூற்று நாற்பது கோடியில் ஒருவன் பிறக்கவில்லை என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.