பழைய காரை வெட்டாதீங்க, தேயுங்க!

ஹாட் ராட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா இளைஞர்கள் 1930களில் வந்த ஃபோர்டு கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். அதிலும் கூபே என்கிற இரண்டு கதவு வண்டி என்றால் தனி மவுசு. மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய இன்ஜினை ஏற்றி, வறண்டுபோன ஏரித் தரையில் பறந்தார்கள். பக்கவாட்டில் தீ எரிவது போலப் பெயின்ட் வேறு. பார்க்க அம்சமாகத்தான் இருக்கும்.

வறண்ட கண்மாய்க்கு எங்கள் மல்லாங்கிணறு பக்கமும் பஞ்சமில்லை :) அதனாலோ என்னவோ, "நம்ம ஊர்ப் பழைய காரையும் இப்படிப் பண்ணினால் என்னடா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

நம் ஊரிலும் இன்ஜின் மாற்றிய வண்டிகள் ஓடியிருக்கின்றன. பெட்ரோல் அம்பாசடரிலும் ஜீப்பிலும் மேட்டடோர் வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டியவர்கள் உண்டு. அது வேகத்துக்காக இல்லை, மைலேஜுக்காக. பிழைப்புக்காகச் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பழைய காரை எடுத்துச் சரிசெய்கிறவர் ஆசைக்குத்தான் செய்கிறார். ஆசைக்குச் செய்யும் வேலையில் அரிவாள் எதற்கு?

ஃபோர்டு லட்சக்கணக்கில் செய்த வண்டி. பத்தை வெட்டினாலும் நூறு மிஞ்சும். நம் கதை அப்படியா? ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961ல் தயாரிக்கத் தொடங்கிய கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உருவம். முதலில் வந்தவை இரண்டு கதவு வண்டிகள். நம் கூபே ஆசைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கார் இதுதான். அந்தக் கம்பெனி 1988ல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. இனி ஒரு ஹெரால்டும் புதிதாக வரப்போவதில்லை. ஒன்றை வெட்டினால் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

ஹெரால்டில் இன்னொரு வசதியும் உண்டு. அடியில் தனி சேஸிஸ். மேலே பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். ஆகவே கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப மாட்டுவது மற்ற கார்களைவிடச் சுலபம்.

எங்கள் கரிசக்காட்டு வறட்சி விவசாயிக்குச் சாபம். ஆனால் பழைய இரும்புக்கு அது வரம். சென்னையின் உப்புக்காற்றில் அரித்துப்போகும் தகரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு செட்டுக்குள் நின்றால் நெடுநாள் தாங்கும். வெயிலில் பெயின்ட் வெளுக்கும், ரப்பர் வெடிக்கும், வயரை எலி கடிக்கும். தகரம் மட்டும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அப்படித் தப்பித்த வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதும் தப்பு, வெட்டுவதும் தப்பு.

சரி, பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். பலரும் முதலில் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் மற்ற வேலையை யோசிக்கிறார்கள். பிரேக், ஸ்டியரிங், வயரிங், பிறகு டிங்கரிங், கடைசியில் பெயின்ட் என்பதுதான் சரியான வரிசை. கதவின் அடிப்பக்கம், தரை விரிப்புக்குக் கீழே, சக்கரத்தின் மேல்வளைவு என்று தண்ணீர் தங்கும் இடங்களில்தான் துரு ஒளிந்திருக்கும். அதன்மேல் பட்டி பூசி பளபளவென்று அடித்தால் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, அதற்குப் பிறகுதான் நிறம். நான் வெட்டச் சொல்வது அந்த ஓட்டைத் தகரத்தை மட்டும்தான் :) பியூ பெயின்ட் என்றால் அதில் கலக்கும் ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது. தகுந்த முகமூடி இல்லாமல் கிட்டே போகக்கூடாது.

என்ன நிறம் அடிப்பது? டேஷ்போர்டுக்கு அடியிலும் கதவு ரப்பருக்கு உள்ளேயும் பாருங்கள். கம்பெனி அடித்த நிறம் வெயில் படாமல் அங்கே பத்திரமாக இருக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

சட்டமும் என் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு தரும் விதி 2021ல் வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு முக்கிய நிபந்தனையே சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பதுதான். (அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்கு மட்டும்.)

"இதெல்லாம் காசு இருக்கிறவன் விளையாட்டு" என்பீர்கள். பாதி உண்மை. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் (2015ல் திறந்தது) மாதிரி வைக்க எல்லோராலும் முடியாது. ஆனால் எனக்குக் காரைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நசுங்கிய மட்கார்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவை மீட்கும் டிங்கர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். இப்போதெல்லாம் நசுங்கினால் புதுசு மாட்டுவதோடு சரி. ஹெரால்டுக்கு மாட்டப் புதுசு எங்கே? தட்டித்தான் ஆக வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் தம்பிகள் ஒரு லீவில் அப்படி ஒரு பட்டறையில் உட்கார்ந்தால், எந்த லேப்பிலும் கிடைக்காத கைவேலை கிடைக்கும். கார் போனால் ஒரு கார்தான் போகும். அந்தக் கை போய்விட்டால், மிச்சமிருக்கும் எல்லாப் பழைய காரும் பேரீச்சம்பழத்துக்குத்தான்.