வலியிலும் லாப வேட்டை

மெஷினில் விரல் நசுங்கிய மில் தொழிலாளியும், அறுவடையில் அரிவாள் பட்ட கூலியாளும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, இந்த வலியை நிறுத்துங்கள்!" இந்த அலறலை அமெரிக்க மருந்து முதலாளிகள் எப்படிக் காசாக்கினார்கள் என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும்.

1996-ல் பர்டியூ கம்பெனி 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையை இறக்கியது. அபினி வகைச் சரக்கு. இதற்கு ஜனங்கள் அவ்வளவாக அடிமையாக மாட்டார்கள் என்று டாக்டர்களிடம் ஆள் விட்டுச் சொல்லி விற்றது. அது பொய் என்று அதன் கூட்டுக் கம்பெனியே 2007-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. 2020-ல் பர்டியூ மீண்டும் குற்றவாளி! சுரங்கத் தொழிலாளர் நிறைந்த மேற்கு வர்ஜீனியாதான் மிகக் கடுமையாக அடிபட்டது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. நியூஜெர்ஸியில் பேட்டர்ஸன் என்றொரு ஊர். 1913-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் பட்டு மில் தொழிலாளர் சுமார் 25,000 பேர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த அதே ஊர்தான். அங்கே செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரியின் அவசர வார்டில் 2016-ல் ஒரு முறை வகுத்தார்கள். முதலில் அபினி வகையைத் தொடுவதில்லை. எலும்பு முறிந்து வந்தால், அந்த இடத்துக்குப் போகும் நரம்பின் அருகே மரத்துப்போகும் ஊசி. முதுகுப் பிடிப்புக்குத் தசை முடிச்சிலேயே ஊசி. சிறுநீரகக் கல் வலிக்கு லிடோகெய்ன். இவற்றுக்கு அடங்காவிட்டால்தான் அபினி வகை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கை கால் வலியோடு அவசர வார்டுக்கு வந்த 416 பேரை வைத்துச் சோதித்தார்கள்; முடிவு 2017-ல் வெளியாயிற்று. இபுபுரூஃபனும் பாரசிட்டமாலும் சேர்த்து உண்டவர்களுக்கும், அபினி வகை கலந்த மாத்திரை உண்டவர்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்ததில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. நம்மூர் மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அதே சரக்கு! (தாமாக வாங்கி விழுங்கச் சொல்லவில்லை, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இபுபுரூஃபன் கேடு.)

2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்ற அபினி அல்லாத புது மாத்திரைக்கு அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்தது. விஞ்ஞானத்தை வரவேற்கிறோம். ஆனால் 2025-ல் அறிமுகமானபோது ஒரு மாத்திரை பதினைந்தரை டாலராம்! சோதனையில் பழைய அபினிக் கலவை மாத்திரையை அது மிஞ்சவும் இல்லை.

நரம்பு ஊசிக்கு மருந்துச் செலவு அற்பம். வேண்டியது பழகிய கையும், நோயாளியின் பக்கத்தில் நிற்க டாக்டருக்கு நேரமும். மாத்திரை எழுதித் தள்ள அரை நிமிஷம் போதும். ஆகவே ஆள் குறைந்த வார்டில் மாத்திரைதான் ஜெயிக்கிறது. கான்சர் நோயாளிக்கு மார்பின் மறுப்பது வேறொரு கொடுமை. அதை நாம் ஆதரிக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் ஜில்லா ஆஸ்பத்திரியிலும், ராத்திரி ஷிப்டிலும், இந்த ஊசி போடத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கட்டும்.