பளபளப்பு மட்டும் போதுமா?

பழுது பார்க்கக் கொடுத்த மோதிரம் திரும்பி வந்ததும் நம்மவர் என்ன செய்கின்றனர்? விரலில் போட்டுப் பார்க்கின்றனர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கின்றனர். மினுங்கினால் கூலியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகின்றனர். மெருகு ஏற்றுவது கடைசியில் செய்யும் சிறு வேலை. அதைக் கொண்டு முழு வேலையையும் எடைபோடுவது, மேலட்டையைப் பார்த்து விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து.

மோதிரத்தைப் பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு. கூம்பான இரும்புக் கட்டையில் மாட்டித் தட்டி நீட்டுவது ஒன்று. வெட்டி, இடையில் துண்டு வைத்துப் பற்றவைப்பது மற்றொன்று. முதல் வழியில் பொன் கூடுவதில்லை. நீளம் கூடக் கூடக் கனம் குறைகிறது. உள்விட்டம் 17 மில்லிமீட்டரிலிருந்து 18 ஆனால் சுற்றளவு 3.14 மில்லிமீட்டர் கூடும். பள்ளியில் படித்த கணக்குத்தான். 1 மில்லிமீட்டர் கனமுள்ள மோதிரமானால், வளையம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மெலியும். புது மோதிரம் இதைத் தாங்கிவிடும். பாட்டி காலத்திலிருந்து தேய்ந்து வந்தது தாங்காது. அதற்குத் துண்டு வைப்பதே முறை. அம்மோதிரத்தின் எடை 2 கிராம் என்றால் வைக்க வேண்டிய துண்டு சுமார் 0.11 கிராம்தான். அரை கிராம் சேர்த்ததாகக் கணக்குச் சொன்னால், எங்கே சேர்த்தீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

துண்டு வைத்த மோதிரத்தின் உயிர் பற்றில் இருக்கிறது. நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையைப் பொடி என்பர். வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவர். ('பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி இதுதான்!) தேர்ந்த கைகள் இரு முனைகளையும் இடைவெளியின்றிப் பொருத்திய பிறகே பொடி வைக்கும். அரைகுறை வேலையில் இடைவெளியைப் பொடியே நிரப்பும். 22 காரட் நகையில் 91.6 சதவீதம் பொன் உண்டு. மட்டமான பொடியில் அதைவிட வெகு குறைவு. இதைக் கண்டறிய மோதிரத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். தாவரவியல் மாணவரிடம் கைவில்லை இருக்கும், இரவல் வாங்குங்கள். வெளிறிய கோடும் ஊசித் துளைகளும் தெரிந்தால் வேலை சரியில்லை. சாம்பல் நிறம் தெரிந்தால் ஈயப் பற்று. அது மிகக் கொடியது. பின்னொரு நாள் அந்நகை நெருப்பில் பட்டால் ஈயம் பொன்னில் ஊறி அதை நொறுங்க வைக்கும். பழியோ அன்று நெருப்பில் வைத்தவர் தலையில் விழும்.

கல் வைத்த மோதிரமானால் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். வளையம் விரிந்தபோது கல்லின் பிடி தளர்ந்திருந்தால் சத்தம் கேட்கும். முத்தையும் பவழத்தையும் கழற்றாமல் நெருப்பில் காட்டுவது வேலையே அன்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன். சேமிப்பு என்று இருப்பது அம்மாவின் சங்கிலி ஒன்றே. விடுதிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அது அடகுக்குப் போகும். அறுந்த அச்சங்கிலியை ஒரு கடையில் பற்றவைத்து வாங்கினோம். பளபளவென்றுதான் வந்தது. அடுத்த முறை அடகுக்குப் போனபோது மதிப்பீட்டாளர், பற்று மிகுதி என்று எடையில் கழித்துவிட்டார். துண்டு விழுந்த தொகைக்கு அப்பா கைமாற்று வாங்கினார்.

நகைகளுக்கு 2021 முதல் ஆறிலக்க அடையாள எண் வந்துள்ளது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முத்திரை, சோதித்த நாளின் பொன்னைப் பற்றித்தான் பேசும். பிறகு வைத்த பொடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று ஒரு தொழிலையே ஏசும் பழமொழியை நான் ஏற்கவில்லை. பற்றிலும் பொன் தரம் குறையக் கூடாது என்றுதான் காட்மியம் கலந்த பொடி வந்தது. அதன் நச்சுப் புகையை நெஞ்சில் வாங்கியவர் பட்டறையில் குனிந்திருந்த தொழிலாளியே. சந்தேகத்தை வாயால் தீர்க்க முடியாது, தராசால் தீர்க்கலாம். கொடுக்கும்போது எடை, வாங்கும்போது எடை, சேர்த்த அல்லது வெட்டிய துண்டின் எடை ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதித் தரும் வழக்கம் பழுது வேலைக்கும் வர வேண்டும். எங்கள் தெருப் பத்தரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார்.