கிழநாய்க்கும் ஒரு மேசை!

"மனிதனுக்கே வைத்தியமில்லை, கிழநாய்க்குச் சோதனையா?" என்று ஏளனம் பேசுவோர் உளர். வெம்பக்கோட்டைத் தோழனைக் கேளுங்கள்! கணவனும் மனைவியும் பட்டாசு ஆலைக்குப் போனபின் வீட்டையும் ஆட்டுக்குட்டியையும் காப்பது யார்? அந்த நாய்தானே!

பக்கத்து ஊரின் இராசபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டது டில்லி. தபால்தலை போதுமா?

ஏழெட்டு வயது தாண்டிய நாய்க்குச் சிறுநீரகம் ஓசையின்றிக் கெடும். தண்ணீரை அளவு மீறிக் குடிக்கும், மெலியும். அதற்கு முன்பே இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால், உணவை மாற்றி ஆயுளை நீட்டலாம். படுத்தபின் தூக்கிச் சென்றால் டாக்டர்தான் என்ன செய்வார், பாவம்!

ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்கு அலைய எவனால் முடியும்? தொழிலாளியின் மார்புச் சோதனையை விட்டுக்கொடுத்தா கேட்கிறோம்? அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். கால்நடை முகாமில், மாட்டுக்கு ஊசி போடும் அன்றே, கிழநாய்களுக்கும் ஒரு மேசை போடுக! அதையும் ஆலை விடுமுறை நாளில் போடுக!