எழுதித் தர ஆள் வைப்பது தவறா?

தொழில் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டால் நம் மூத்த வணிகர்களில் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். “எழுத்தெல்லாம் நமக்கு வராது” என்பதே பதில். எழுதத் தெரிந்த ஒருவரிடம் விவரம் சொல்லி, எழுதி வாங்கி, உங்கள் பெயரில் வெளியிடலாமே என்றால், “அது ஊரை ஏமாற்றுவது ஆகாதா?” என்று தயங்குகிறார்கள். இத்தயக்கத்தில் கொஞ்சம் நியாயமும் நிறைய வீண் கூச்சமும் கலந்திருப்பதாக நாம் கருதுகிறோம்.

கிரயப் பத்திரத்தை நாமா எழுதுகிறோம்? பத்திரம் எழுதுபவர் எழுதுகிறார், படித்துக் காட்டுகிறார், நாம் கையெழுத்திடுகிறோம். அதனால் சொத்து அவருடையது ஆகிவிடுவதில்லை. வரிக் கணக்கை ஆடிட்டர் தயாரித்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். கட்டுரைக்கும் இதே முறை பொருந்தும்.

பெரிய தொழிலதிபர்கள் இதற்குக் கூச்சப்பட்டதில்லை. 1922இல் வெளிவந்த ஹென்றி ஃபோர்டின் நூலைச் சாமுவேல் க்ரௌதர் என்பவர் உடனிருந்து எழுதினார். சிறு கடையில் தொடங்கி வால்மார்ட்டை வளர்த்த சாம் வால்டனின் வரலாறு 1992இல் வெளிவந்தபோது, ஜான் ஹியூ என்ற பத்திரிகையாளரின் பெயரும் அதில் இருந்தது. நம் நாட்டில் அமுல் குரியன் சொல்லச் சொல்லக் கௌரி சால்வி எழுதிய நூல் 2005இல் வந்தது. சொன்னவர் யார், எழுதியவர் யார் என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டால் ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜெனரல் மோட்டார்ஸை நீண்ட காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோனின் கதை சற்று வேறு. அவருக்காக எழுதியவர் ஃபார்ச்சூன் ஏட்டின் ஜான் மெக்டொனால்டு. எழுதி முடித்த பிறகு, ஏகபோகத் தடைச் சட்ட வழக்குகளில் நமக்கு எதிராகவே இது திரும்பும் என்று அஞ்சி நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் நூலைத் தடுத்துவிட்டார்கள். ஆண்டுகள் ஓடின. கடைசியில் எழுதியவரே நீதிமன்றம் ஏறினார். அதன் பின்புதான் 1964இல் நூல் கடைக்கு வந்தது. கூலி வாங்கிக்கொண்டு எழுதியவருக்கு அதில் என்ன உரிமை என்று கேட்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் எழுதியவர் பக்கமே நிற்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு நம்மிடம் வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை பொதுவாக நமக்கு. வெளியாள் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு எழுதினால், எழுத்து மூலம் மாற்றித் தரும் வரை உரிமை அவருக்கே. பணம் கொடுத்த ரசீது மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எனவே தொகை, காலம், யார் பெயர் எங்கே வரும் என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வாய்ப்பேச்சில் லட்சக்கணக்கில் சரக்கு அனுப்பும் நமக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் மண்டி வழக்கம் இங்கே செல்லாது.

இனி, தயக்கத்தில் உள்ள நியாயத்துக்கு வருவோம். “நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே எழுதிக்கொண்டு வருகிறேன்” என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மிளகாய் வற்றல் பற்றி அவர் என்ன எழுதுவார்? அதில் வைட்டமின் இருக்கிறது, அது வெளிநாட்டிலிருந்து வந்த பயிர் என்று எழுதுவார். எந்த மண்டிக்காரருக்கு அது வேண்டும்? மூட்டைக்குள் கையை விட்டதும் ஈரம் தெரிவது எப்படி, குளிர்பதனக் கிடங்கில் கிடந்த குண்டூர்ச் சரக்குக்கும் புதுச் சரக்குக்கும் நிறத்திலும் காம்பிலும் என்ன வித்தியாசம், ராமநாதபுரம் குண்டு மிளகாய் கேட்டு வருபவரிடம் நீட்டு மிளகாய் ஏன் விலை போகாது — இவை நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அவர் மகன் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார். எழுதி வைக்காவிட்டால் அந்த அறிவு அவரோடு போய்விடும். நாம் இதில் அவசரம் காட்டுவது இதனால்தான். எழுதுபவருக்கு நடை அழகைவிடக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது கணினியே கட்டுரை எழுதித் தருகிறது. நாம் சொல்லாத விவரத்தைக் கேட்டு வாங்காதவரை அதுவும் வைட்டமின் கட்டுரைதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சுவைக்காக “இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும்” என்று எழுதுபவர் ஒரு வரி சேர்த்துவிடுவார். அதையே கடை நோட்டீசில் அச்சிட்டால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். எழுதியவர் பெயர் அங்கே இருக்காது, கடைப் பெயர்தான் இருக்கும். அதேபோல் பாக்கிதாரர் பெயரையும் கொள்முதல் விலையையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரை கைக்கு வந்ததும் உடனே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடையில் பல காலம் இருக்கும் கணக்குப்பிள்ளையையோ சரக்கு பார்ப்பவரையோ பக்கத்தில் உட்கார வைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். “முதலாளி இப்படிச் சொல்லமாட்டாரே” என்று அவர் நிறுத்தும் இடங்களைக் குறித்துத் திருத்தி வாங்குங்கள்.